பேட்டரி முனையில் ஈயத் துண்டு

அத்தியாயம் 17

ஒலிபெருக்கி காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. அடுத்த தெருவில் ஜெரினா கல்யாணம். மைக் செட் ரஷீது மாடியில் ஒன்று, புளியமரத்தில் ஒன்று என்று இரண்டு குழாய்களைக் கட்டி, ராயபுரம் முழுக்கக் கேட்கிற மாதிரி திருகி வைத்திருந்தான்.

ஃப்ளோரன்ஸுக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. வீட்டிலிருந்து ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு ஏழு நிமிட நடை. அதற்குள் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். ஒன்பதேகால். நாலு மணிக்கு மாரியப்பனின் ஐஸ் லாரி வரும். தம்பியின் ரேஸ் காரை அதில் ஏற்றிச் சோழவரம் போய், ஆறு மணிக்குள் பரிசோதனைக்காரர்களிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்காத கார் நாளை ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் சக்கரம் வைக்க முடியாது.

ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு மாதமாக ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டும், அவள் தம்பி ஸ்டானிஸ்லாசும் அப்பா அருள்பிரகாசமும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொள்ளவில்லை. துறைமுகத்து லாரி டெப்போவில் முப்பத்தொரு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர் அப்பா. ஓய்வு பெறும்போது அங்கேயே மகனுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். மகன் மாட்டேன் என்றான். அன்றிலிருந்து ஃப்ளோரன்ஸ்தான் தபால்காரி.

"அவனுக்குக் கொழம்பு ஊத்தச் சொல்லு" என்பார் அப்பா, எதிரே உட்கார்ந்துகொண்டே.

"போதும்னு சொல்லுக்கா" என்பான் தம்பி, குழம்புச் சட்டியைத் தானே இழுத்துக்கொண்டே.

கடைசி ஒப்பந்தமும் அவள் வழியாகத்தான் முடிந்தது. நாளை கால் மைல் ஓட்டத்தைப் பதினாறு விநாடிக்குள் முடித்தால், கோயமுத்தூர் இஞ்சின் கம்பெனிக்காரர் ஒருவர் ஸ்டானிஸ்லாசைத் தன் சோதனைக் கூடத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். முடியாவிட்டால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டெப்போவில் கையெழுத்து. அதற்கப்புறம் ரேஸ் என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

ஷெட்டுக்குள் நுழைந்தபோது தம்பி இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். கடைசல் பட்டறைத் தமீம் கையில் டீ கிளாசோடு டயர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா, நீயும் கல்யாணத்துக்குப் போய்ட்டு ஆடி அசஞ்சு வர்றியா?" என்றான் தம்பி.

"ஒம்போதேகால்தான்டா ஆவுது."

"வுடு மாமு" என்றான் தமீம். "அக்கா வந்து பொட்டியத் தொட்டாத்தான் இந்த வண்டிக்கு மூச்சே வரும்."

பொட்டி என்று அவன் சொன்னது, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ரப்பர் துண்டுகள் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்த தகரப் பெட்டியை. கொஞ்சம் தடிமனான பைபிள் அளவுதான் இருக்கும். இந்தக் காரின் கதையே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

போன வருஷம் இதே சோழவரத்தில் ஸ்டானிஸ்லாஸ் தோற்றதற்குக் காரணம் கார்புரேட்டர். கார்புரேட்டர் என்பது இஞ்சின் பக்கத்தில் தொங்கும் சின்னப் பெட்ரோல் கிண்ணம். இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலும் கூடவே போகும். தெருவில் போகிற காருக்கு அது போதும். ஆனால் கொடி இறங்கியதும் கார் பாய்ந்தால், கிண்ணத்துப் பெட்ரோல் பின்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தோடு திடீரென்று ஓடினால் தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து சேலை நனைகிறதே, அதே மாதிரி. அந்த அரை விநாடி இஞ்சினுக்கு வெறும் காற்று. அது ஒரு முறை இருமும். கால் மைல் ஓட்டத்தில் ஒரு இருமல் போதும், பக்கத்துக் கார் முந்திக்கொண்டு போய்விடும்.

ஆறு மாதம் முன்னால், கப்பல் தளத்தில் வரும்போதே புயலில் நசுங்கிப்போன ஜெர்மன் கார் ஒன்று கஸ்டம்ஸ் ஏலத்தில் பழைய இரும்பாக வந்தது. அதில் கார்புரேட்டரே இல்லை. ஒரு மின்சாரப் பம்பு பெட்ரோலை எந்நேரமும் இருபத்தெட்டு பவுண்டு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டர் வாயிலிலும் பெட்ரோலைப் பீய்ச்ச விரல் தடிமனில் ஒரு மூக்கு. இஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று அந்தத் தகரப் பெட்டி பார்த்து, மூக்குகளை விநாடியில் ஆயிரத்தில் இத்தனை பங்கு நேரம் திற, மூடு என்று கட்டளை போடும். கார் பாய்ந்தாலும் சரி, குதித்தாலும் சரி, சாய்ந்து போகக் கிண்ணமே கிடையாது.

அந்தச் சாமான்களையெல்லாம் தம்பியின் பழைய இங்கிலீஷ் இஞ்சினில் பொருத்தத் தமீம் அலுமினியத்தில் புதுக் காற்றுக் குழாய்கள் கடைந்தான். தண்டையார்பேட்டை ரேடியோ கடையில் ஏழு வருஷமாகச் சால்டரிங் கம்பி பிடித்த ஃப்ளோரன்ஸ் வயரிங் முழுவதையும் செய்தாள். பழைய குழாயை அறுத்தாகிவிட்டது. இனி கார்புரேட்டருக்குத் திரும்பிப் போக வழியில்லை.

"சரி, ஆரம்பிக்கலாமா?" என்று ஸ்டானிஸ்லாஸ் கையைத் துடைத்தான். "எனக்கு உள்ளங்கையெல்லாம் அரிக்குது."

"வரிசை ஞாபகம் இருக்கா?"

"மொதல்ல பம்பு. முள்ளு இருபத்தெட்டுல நின்னா பொட்டி. அப்பறம் ஸ்டார்ட்டர். நூறு வாட்டி சொல்லிட்டக்கா."

அவள் முதல் சுவிட்சைப் போட்டாள். பின்பக்கத்தில் பம்பு உறுமியது. அழுத்தம் காட்டும் கடிகாரத்தை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

முள் அசையவில்லை.

"காத்து பூந்துருக்கும்" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "இரு, கொஞ்சம் ஓடட்டும்."

ஒரு நிமிஷம் ஓடியது. முள் பூஜ்யத்தில் தூங்கியது. அணைத்தாள்.

அடுத்த இரண்டரை மணி நேரம் மூன்று பேரும் பேயாய்ப் பறந்தார்கள். வடிகட்டியைக் கழற்றி ஊதினார்கள். சுத்தம். குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அடைப்பு இல்லை. டாங்கில் பெட்ரோல் தளும்பியது. வெளியே ரஷீதின் குழாய் ஒரே பாட்டை மூன்றாம் முறை போட்டது.

"அந்தக் கொழாய்ல போய் ரெண்டு கல்ல போட்டுட்டு வரட்டா?" என்று தமீம் எழுந்தான்.

"உக்காரு. கல்யாணப் பொண்ணு உன் ஒறவு மொறதான?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அதனாலதான் கேக்கறேன்."

ஸ்டானிஸ்லாஸ் காருக்கு அடியில் படுத்துப் பம்பைப் பிரிக்க ஆரம்பித்தான். ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றாள். உட்கார முடியவில்லை. பம்பின் உறுமல் போன வாரம் கேட்டதுபோல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது மாதிரி ஒரு கரகரப்பு. ரேடியோக்காரியின் காது அது, சத்தம் மாறினால் தூங்காது.

பம்பு நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்ரோல் போகவில்லை. அப்படியென்றால்?

பேட்டரியை மாற்றி மாட்டியதால் பம்பு தலைகீழாகச் சுற்றினால்?

அவள் மெதுவாகப் பேட்டரி இருந்த பக்கம் போனாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் ப்ளஸ் முனையைத்தான் வண்டியின் இரும்பு உடம்போடு இணைப்பார்கள். இந்தக் காரும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஜெர்மன் பெட்டிக்கு அது நேர் எதிர், மைனஸ்தான் உடம்புக்குப் போக வேண்டும். அதற்காகவே போன மாதம் ஃப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் மாற்றினாள். பேட்டரியின் ப்ளஸ் முனை கொஞ்சம் பருமன், மைனஸ் கொஞ்சம் ஒல்லி. கவ்விகளும் அதே அளவில்தான் வரும். ஆகவே, உடம்புக்குப் போகும் பட்டைக் கம்பியில் சின்னக் கவ்வியை வைத்தாள். யாராவது மறந்துபோய் மாற்றி மாட்டப் பார்த்தால் சின்னக் கவ்வி பருமனான முனையில் இறங்காது. காவலுக்கு ஆள் வைத்த மாதிரி என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது பார்த்தாள். சின்னக் கவ்வி பிரித்து அகலமாக்கப்பட்டு, பருமனான ப்ளஸ் முனையில் உட்கார்ந்திருந்தது. பெரிய கவ்வி ஒல்லி முனையில். ஆடாமல் இருக்க நடுவில் ஒரு ஈயத் தகடு. அளவாக வெட்டி, ஓரத்தைச் சுத்தியால் தட்டி மழுக்கி, மேலே வாஸ்லின் தடவி.

அவள் குனிந்து தகட்டை உற்றுப் பார்த்தாள்.

நேற்று பேட்டரி வீட்டில் அப்பாவின் அறையில் சார்ஜில் இருந்தது. காலையில் காணோம். தம்பி தூக்கிப் போயிருப்பான் என்று நினைத்தாள். அவள் கொடுத்தனுப்பினாள் என்று தம்பி நினைத்திருப்பான். ராயபுரத்தில் ஈயத் தகட்டின் ஓரத்தை மழுக்கி வாஸ்லின் தடவுகிற கை ஒன்றே ஒன்றுதான். கோயிலில் முதல் பூசைக்குப் போன அப்பா திரும்ப ஏழரை மணியானதும், செருப்பில் ஐஸ் பேக்டரிச் சேறு ஒட்டியிருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது.

உதவி செய்ய வந்திருக்கிறார். நான்கு மாதத்தில் முதல் தடவை. யாருக்கும் தெரியாமல்.

இதை இப்போது சொன்னால் தம்பி என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். கார் ஓடாவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து. அப்பாவுக்குத்தானே அதில் ஆசை?

ஸ்டானிஸ்லாசின் கால்கள் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தமீம் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் சத்தம் இல்லாமல் கவ்விகளைக் கழற்றினாள். இடம் மாற்றினாள். முறுக்கினாள். ஈயத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தம்பி, வெளிய வா. பேட்டரில ஒரு கனெக்ஷன் லூஸா இருந்துச்சு. இப்பப் போட்டுப் பாக்கறேன்."

பம்பு பாடியது. அது பாட்டுதான், ரஷீதின் குழாயைவிட இனிமையானது. முள் பத்து, இருபது, இருபத்தெட்டு என்று ஏறி நின்றது.

"அட, இதுக்கா இவ்ளோ பேஜாரு!" என்று தமீம் கையைத் தட்டினான்.

ஃப்ளோரன்ஸ் கைதட்டவில்லை. மாதாவே, அப்பா பம்பு சுவிட்சை மட்டும்தான் போட்டிருக்க வேண்டும், பெட்டியைத் தொட்டிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். இரண்டாவது சுவிட்சைத் தட்டினாள்.

ஸ்டானிஸ்லாஸ் ஸ்டார்ட்டரை அழுத்தினான். இஞ்சின் பிடித்தது. ஆனால் ஓடவில்லை, நொண்டியது. ஷெட்டின் தகரக் கூரை அதிர, ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் தடதடத்து அணைந்தது.

"நாலு சிலிண்டர்ல ரெண்டுதான் வேல செய்யுது" என்றான் ஸ்டானிஸ்லாஸ். முகம் வெளுத்திருந்தது.

எந்த இரண்டு என்று கண்டுபிடிப்பது சுலபம். பெட்டி மூக்குகளை இரண்டிரண்டாகத்தான் திறக்கும். ஒன்றும் நாலும் ஒரு ஜோடி. இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. மூக்குக்குப் போகும் வயரில் ஒரு சின்ன பல்பை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால், ஒவ்வொரு கட்டளைக்கும் பல்பு கண் சிமிட்டும். ஒன்றிலும் நாலிலும் சிமிட்டியது. இரண்டிலும் மூன்றிலும் பல்பு செத்துக் கிடந்தது.

ஃப்ளோரன்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்தாள். கருகின வாசனை. இரண்டாம் ஜோடிக்கான பெரிய டிரான்சிஸ்டரின் பக்கத்தில் சர்க்யூட் பலகை பழுப்பேறியிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் வாசனையைப் பிடித்துவிட்டான். பிறகு அவளைப் பார்த்தான்.

"கரண்ட தலகீழா குடுத்தாத்தான் இப்படி ஆவும். நீதானக்கா எனக்குச் சொல்லிக் குடுத்த? பேட்டரில லூஸு கனெக்ஷன்னியே. இன்னா லூஸு?"

அவள் பெட்டியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"பேட்டரிய மாட்டினது யாரு? தமீமு, நீயா?"

"நான் வர்றப்பவே மாட்டித்தானே இருந்திச்சு. நீன்னு நெனச்சேன்."

"நான்தான்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "விடியக்காலைல வந்து மாட்டிட்டுப் போனேன். தூக்கக் கலக்கத்துல..."

"நீயா? கவ்விய சின்னது பெருசா வெச்சதே நீ. நீ தூக்கத்துல கூட மாத்தி மாட்ட மாட்ட."

"தப்பு யாருக்கும் வரும்டா."

"சாவி எங்க இருந்திச்சு?" அவன் குரல் இறங்கியது. அது கத்துவதைவிட மோசம். "வூட்ல. நைனா கட்டில் மேல கீற ஆணில."

ஷெட்டுக் கதவு கிறீச்சிட்டது.

அருள்பிரகாசம் டிபன் கேரியரோடு நின்றார். அம்மா சிலுவையம்மாள் கொடுத்தனுப்பிய மத்தியானச் சாப்பாடு. மூன்று பேரையும் அவர் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்க்கவில்லை.

"மணி ஒண்ணாச்சு. சாப்பிடச் சொல்லு" என்றார் மகளிடம்.

"திங்கக்கெழம கையெழுத்து போடப் பேனா ரெடியான்னு கேளு" என்றான் மகன்.

"எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு" என்றான் தமீம். யாரும் சிரிக்காததால் வாயை மூடிக்கொண்டான்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல நைனா. நான்தான் பேட்டரிய மாத்தி மாட்டிட்டேன். பொட்டில ஒண்ணு எரிஞ்சு போச்சு."

"மாத்தின்னா?"

"ப்ளஸ்ஸ பாடிக்குக் குடுத்துட்டேன்."

அருள்பிரகாசத்தின் நெற்றி சுருங்கியது. "ப்ளஸ்ஸு பாடிக்குத்தானே போவணும்?"

வெளியே பாட்டு ஒன்று முடிந்து, அடுத்தது தொடங்கும் முன் ஊசி கரகரத்தது.

அவர் கேரியரைத் தரையில் வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரம் லாரிகளுக்குப் பேட்டரி மாட்டிய கைகள் வேட்டியில் துடைத்துக்கொண்டன. பெட்டியைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். பிறகு மகளைத் தாண்டி, நேராக மகனைப் பார்த்தார்.

"அவ இல்ல. நான்தான்டா மாட்டினேன்."

நான்கு மாதத்துக்குப் பிறகு அப்பா மகனிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"கவ்வி சின்னதா இருந்திச்சு. பசங்க அவசரத்துல மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். சரி பண்ணி மாட்டி, மூணு சுவிட்சையும் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் நல்லாச் சுத்திச்சு. சரியாத்தான் கீதுன்னு பூட்டிட்டு வந்தேன்."

ஸ்டார்ட்டர் சுற்றும்தான். எந்தப் பக்கம் மாட்டினாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும். விளக்கும் எரியும். அவருக்குத் தெரிந்த வண்டிகளில் தலைகீழ் மின்சாரத்துக்குச் செத்துப்போகிற சாமான் எதுவும் இருந்ததில்லை.

"வேணும்னேதான பண்ண?" என்றான் ஸ்டானிஸ்லாஸ். அவனும் நேராகத்தான் கேட்டான்.

 

ஃப்ளோரன்ஸ் இடுப்பிலிருந்து ஈயத் துண்டை எடுத்து நீட்டினாள். "இத பாரு. பாத்துட்டுப் பேசு."

ஸ்டானிஸ்லாஸ் அதை வாங்கினான். புரட்டினான். மழுக்கிய ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினான். இரண்டு விரலுக்கு நடுவே பிசுபிசுப்பைத் தேய்த்துப் பார்த்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 

"வாஸ்லின் வேற தடவிக்கீற" என்றான் கடைசியில்.

"தடவலன்னா ரெண்டு மாசத்துல பச்ச பூக்கும்" என்றார் அப்பா. "நீ நாளைக்கு மட்டுமா ஓட்டப் போற?"

 ஸ்டானிஸ்லாஸ் ஈயத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஃப்ளோரன்ஸ் அந்த நிமிஷத்தை நீளவிடவில்லை. நீளவிட நேரம் இல்லை.

"கேளுங்க. எரிஞ்சது ஒரு டிரான்சிஸ்டர். இதே அளவு, இதே மாதிரி தொப்பி போட்டது ராயபுரத்துல ஒரே எடத்துல இருக்கு." அவள் வெளியே, பாட்டு வந்த திசையில் விரலைக் காட்டினாள். "ரஷீது ஆம்ப்ளிஃபையர்ல ரெண்டு இருக்கு. போன மாசம் நான்தான் போட்டுக் குடுத்தேன்."

"கல்யாணம் நடக்குதுக்கா!" என்றான் தமீம். "மாப்ள ஊர்வலம் மூணு மணிக்கு. பாட்டு நின்னா கல்யாண வூட்டு ரஹீமுன்னிசா பெரிம்மா என்ன உயிரோட பொதச்சிடும்."

"நான் கேட்டா ரஷீது குடுக்க மாட்டான்" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "போன வாரம்தான் அவன் வேனத் தள்ளி வுடச் சொன்னான், போடா கஸ்மாலம்னுட்டேன்."

"அவங்க அப்பா உசேன் எங்கூட டெப்போல இருந்தவன்" என்றார் அருள்பிரகாசம். "நான் கேட்டா குடுப்பான். ஆனா அந்தத் தொப்பிச் சாமான் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அதுக்குத்தான் சொல்றேன், ரெண்டு பேரும் போங்க."

அப்பாவும் மகனும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர்.

"சைக்கிள் வெளிய கீது" என்றார் அப்பா.

"நீ பின்னாடி ஒக்காரு நைனா. நான் மெதிக்கிறேன்."

அவர்கள் போன பிறகு தமீம் கேரியரைத் திறந்து சங்கரா மீன் குழம்பை முகர்ந்தான். ஃப்ளோரன்ஸ் சால்டரிங் கம்பியைச் சூடேற்றி, கருகிய டிரான்சிஸ்டரின் கால்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.   அளவு ஒன்றுதான், தொப்பியும் ஒன்றுதான். ஆனால் பாட்டைப் பெரிதாக்கப் பிறந்த சாமான், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை திற, மூடு என்கிற வேலையைத் தாங்குமா? மாட்டிப் பார்க்காமல் தெரியாது. மாட்டிப் பார்க்க இருப்பது ஒரே பெட்டி.

மணி இரண்டு. இரண்டே கால். ரஷீதின் குழாய் உச்சக் குரலில் பாடிக்கொண்டே இருந்தது. ரஷீது கொடுக்கவில்லை போலிருக்கிறது. அங்கேயே மறுபடி சண்டை போட்டுக்கொண்டார்களோ என்னவோ.

இரண்டரைக்கு, பல்லவி பாதியில், பாட்டு சட்டென்று நின்றது.

தமீம் வாய்க்குப் போன கவளத்தை நிறுத்தினான். ராயபுரமே ஒரு விநாடி மூச்சைப் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் அடுத்த தெருவிலிருந்து ரஹீமுன்னிசா பெரியம்மாவின் குரல், எந்தக் குழாயும் இல்லாமலே, தெளிவாகக் கேட்டது.

ஃப்ளோரன்ஸ் கம்பியின் நுனியை ஈரத் துணியில் துடைத்தாள். புகை எழுந்தது. அவள் வாசலைப் பார்த்தபடி சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.